கடைசி அத்தியாயமும் டாரியெலின் கறுப்புத் திரையும்

சான் லூகாஸ் வானொலி நிலையத்தில் டாரியெல் கந்தீயோவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "எஞ்சினியர்" என்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். அவன் இரண்டையுமே மரியாதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டான். மலைமேல் கொக்கோக் காய் உடைத்துப் பிழைத்த குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் அவன். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பான். நடக்கட்டுமே.

சந்தியாகோ நகரில் படித்த காலத்தில் கூடப் படித்தவர்கள் சந்தேகம் வந்தால் பூங்காவில் போய் உட்கார்ந்து, மணிக்கணக்கில் காசு கட்டி இணையத்தில் தேடுவார்கள். டாரியெலுக்கு அது கட்டுப்படியாகவில்லை. ஆனால் அவனுக்கு வேறொரு வழி அகப்பட்டது. கணினியின் கறுப்புத் திரையில் "மேன்" என்று அடித்து, பக்கத்தில் ஒரு கட்டளையின் பெயரையும் அடித்தால், அந்தக் கட்டளை எதைச் செய்யும், எதைச் செய்யாது, எங்கே காலை வாரும் என்று முழு விளக்கமும் வந்து நிற்கும். எல்லாம் கணினிக்குள்ளேயே இருந்தது. இணையம் வேண்டாம், மின்கலத்தில் உயிர் இருந்தால் போதும். கரண்ட் போனதும் விடுதியே டோமினோ ஆடப் போகும். இவன் மட்டும் ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, பலகாரம் தின்பதுபோல அந்தப் பக்கங்களைத் தின்றுகொண்டிருப்பான். எடுத்த பக்கத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மூடுவான். அது அவனுக்குப் பழகிப் போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை அந்தப் பழக்கத்துக்கு வேலை வந்தது.

மதியம் இரண்டு மணிக்கு நாடகத் தொடரின் கடைசி அத்தியாயம். கதாநாயகி அமரிலிஸ் அந்தக் கப்பல்காரனை மன்னிப்பாளா, மாட்டாளா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்தது. முந்தின வாரம் ஒரு அத்தியாயம் வந்து சேராமல் போனதற்கே ஜனங்கள் நிலையத்து வாசலில் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நேரத்துக்குப் பாட்டுப் போட்டுச் சமாளித்ததில் கூட்டம் கலைந்தது, ஆனால் கோபம் கலையவில்லை. முன்பெல்லாம் நாடகப் பதிவு பேருந்தில் வரும்; பாலம் வெள்ளத்தில் போனதிலிருந்து பேருந்து இல்லை. மாகாணத் தலைநகர் நிலையத்திலிருந்து அத்தியாயம் கணினி வழியாகத்தான் வர வேண்டும். இணைப்போ நூல் மாதிரி மெலிசு. அதற்கு நடுவே கரண்ட் வேறு வருவதும் போவதுமாக இருந்தது. ஜெனரேட்டருக்கு இருந்த டீசல் ஒலிபரப்பு நேரத்துக்கு மட்டும்தான் காணும். பாதிக் கோப்பு வந்திருக்கும்போது கரண்ட் போகும். திரும்ப வந்து பார்த்தால் வந்த பாதியும் காணாமல் போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து.

நிலைய இயக்குநர் நெர்சா கதவருகில் நின்றாள். "டாரியெல், நேரா சொல்லு. வருமா, வராதா?"

"இப்படியே விட்டா வராது."

"வரலேன்னா விடுங்க," என்றார் அறிவிப்பாளர் எவுலொகியோ, மீசையைத் தடவிக்கொண்டே. "நானே கதையைச் சொல்லி முடிச்சிடறேன்."

"நீங்களா? போன தடவை வானிலையையே சொந்தமா கட்டிவிட்டீங்க," என்றாள் நெர்சா.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இணைப்புப் பெட்டியின் விளக்குகள் செத்தன. டாரியெலின் மடிக்கணினி மட்டும் மின்கலத்தில் விழித்திருந்தது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, கோப்பை இழுத்துவரும் கட்டளைக்கான விளக்கத்தைத் திறந்தான். அது ஒரு நீண்ட ஆறு. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது.

"ஊரே தீப்பிடிச்ச மாதிரி கிடக்கு, எஞ்சினியர் வாசிப்புல இருக்கார்," என்றார் எவுலொகியோ. "சுவாரசியமா போகுதா, தோழா? அதுல கல்யாணம் உண்டா?"

"பிரிஞ்சவங்க சேர்றாங்க," என்றான் டாரியெல், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "இதோ இருக்கு. இந்தச் சொல்லைச் சேர்த்தா, வந்த பாதியைத் தூக்கிப் போடாம வச்சிருக்குமாம். அடுத்த தடவை அதை வச்சே மேல போகலாம்."

கரண்ட் வந்தது. அந்தச் சொல்லைச் சேர்த்து அடித்தான். கோப்பு ஊர்ந்தது. முக்கால்வாசி வந்ததும் மறுபடி இருட்டு. ஆனால் இந்த முறை முக்கால்வாசியும் அப்படியே கிடந்தது. நெர்சா அவன் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டாள்.

எவுலொகியோவும் இப்போது குனிந்து திரையைப் பார்த்தார். "அதுக்குக் கீழ பாரு. இருக்கிறதோட மிச்ச வாலை மட்டும் ஒட்ட வைக்கிற வழி ஒண்ணு போட்டிருக்கான். அதுதான் வேகம். அதை அடி."

டாரியெலுக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் பக்கம் இன்னும் முடியவில்லையே. அதற்கும் கீழே போனான். அங்கே ஒரு எச்சரிக்கை இருந்தது: இங்கே கிடக்கிற பாதியும் அங்கே இருக்கிற கோப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் மட்டுமே இந்த வழி. அவன் தொலைபேசியை எடுத்துத் தலைநகர் நிலையத்து மைதெலினைக் கூப்பிட்டான்.

"காலையிலேர்ந்து அந்தக் கோப்புல கை வச்சீங்களா?"

"இப்பத்தான் கொஞ்சமா வச்சோம், செல்லம். முதல் காட்சியில அமரிலிஸ் அழறப்போ ஜன்னல் வழியா வேர்க்கடலைக்காரன் குரல் விழுந்திருச்சு. 'கடலை, சூடான கடலை'ன்னு. அதை மட்டும் திரும்பப் பதிஞ்சு ஒட்டினோம். ஏன்?"

டாரியெல் அதை அப்படியே நெர்சாவிடம் சொன்னான். வாலை மட்டும் ஒட்டியிருந்தால் ஊர் முழுக்க அமரிலிஸின் கண்ணீரோடு சூடான கடலையும் விற்றிருக்கும். அதோடு போனால் பரவாயில்லை, பழைய தலையும் புது வாலும் பொருந்தாமல் நடுவில் வசனம் தடுக்கி விழுந்திருக்கும்.

"அப்ப?"

"முன்ன அடிச்சதையே அடிக்கிறேன். அது ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, மாறினதையும் மிச்சத்தையும் மட்டும் எடுத்துக்கும். கொஞ்சம் மெதுவா வரும். ஆனா சரியா வரும்."

மூவரும் காத்திருந்தார்கள். கரண்ட் வந்தது. ஒருவரும் அசையவில்லை, அசைந்தால் போய்விடும் என்பதுபோல. எவுலொகியோ சிகரெட்டைக்கூடப் பற்ற வைக்கவில்லை. அறிமுக இசை போய்க்கொண்டிருக்கும்போது கோப்பு முழுதாக வந்து சேர்ந்தது. நெர்சா ஒலிபரப்பு அறைக்கு ஓடினாள்.

இரண்டு மணிக்கு சான் லூகாஸ் அடங்கியது. முடிதிருத்துபவர் பாதித் தலையோடு நிறுத்தினார். மீன் விற்கிறவள் தராசைக் கீழே வைத்தாள். தெருவோரம் டோமினோப் பலகைகளில் கட்டைகள் கவிழ்ந்தபடியே கிடந்தன. எந்த ஜன்னலில் நின்றாலும் அதே குரல்தான், ஒரு சொல் பிசகாமல். அமரிலிஸ் அழுதாள்; கடலைக்காரன் வரவில்லை. கடைசியில் கப்பல்காரனை மன்னித்தாள்.

முடிந்த கையோடு வாசலில் கூட்டம் சேர்ந்தது. நெர்சா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். அத்தியாயம் வந்ததைப் பற்றி ஒருவருக்கும் பேச்சில்லை. மன்னித்தது சரியா, தப்பா என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டாரியெலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்போது மலையிலிருந்து தொலைபேசி. அவன் அம்மா ஒனெலியா.

"கேட்டீங்களாம்மா? விட்டு விட்டு வந்துச்சா?"

"மணி மாதிரி வந்துச்சு. மலை முழுக்க என் மகன் கொண்டாந்ததுன்னு சொல்லிட்டேன். அது கெடக்கட்டும். உன் கை வழியாத்தானடா வந்துச்சு. அந்தக் கப்பல்காரப் பயலைக் கடல்ல தள்ளி விட்டிருக்கக் கூடாதா?"

"அதுக்குக் கட்டளை இருக்கான்னு பார்க்கிறேம்மா," என்றான் டாரியெல்.