சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

நிலத்தில் ஒரு சிவப்புக் கோடு. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மகளைப் பார்க்க நான் வந்திருக்கிற ஜெர்மன் நகரத்தில், பழைய கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்கள் வழி தவறக் கூடாது என்று தெருத்தெருவாகப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மணிக்கூட்டுக் கோபுரம், பழைய சந்தை, ராசா இருந்த மாளிகை என்று ஒவ்வொன்றாக வரும். மகள் ஒரு சின்னப் புத்தகத்தை விரித்து வாசித்துக்கொண்டு கோட்டின் மேலேயே நடந்தாள். நான் இடது பக்கமாகவே வந்தேன். கோடு வளைந்து தெருவைக் குறுக்கே வெட்டிய இடத்தில் என் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி என்னில் முட்டுப்பட்டு மன்னிப்புக் கேட்டாள்.

“அப்பா, கோட்டில நடவுங்கோ. அது நடக்கிறதுக்குத்தான் போட்டது” என்றாள் மகள். முழங்கால் நோகிறது என்று சொன்னேன். கோட்டை மிதிப்பதற்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காமல் கையைப் பிடித்து இழுத்துக் கடக்கப் பண்ணினாள். கடந்த உடனே திரும்பவும் கோட்டை ஒரு பக்கம் விட்டுவிட்டு நடந்தேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. ஐந்தாம் வகுப்போடு லொறியில் கிளீனராக ஏறியவன். இன்றைக்குப் பரந்தனில் வீடு கட்டச் சீமெந்துக் கல் அச்சில் அரிகிற வாடியும், கல் ஏற்றுகிற லொறிகளும் என் பெயரில் நிற்கின்றன. யுத்தத்துக்குப் பிறகு அந்த ரோட்டோரம் எழும்பிய வீடுகளில் பாதிக்கு மேல் என் கல்தான். பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஓம், பெருமைக்குத்தான். யாரிடமும் கைநீட்டாமல் வந்தவன் நான். ஒரேயொருத்தியிடம் மட்டும் கைநீட்டி நின்றிருக்கிறேன். அவள் என் மகளைவிட இளையவள்.

யுத்தம் முடிந்து, அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து எங்களை விட்ட பிறகு உடையார்கட்டில் இருந்த காணியைப் பார்க்கப் போனேன். படலை இருந்த இடத்தில் மண்டையோடு போட்ட பலகை நின்றது. அதற்கு அங்கால் தலைக்குச் சிவப்பு அடித்த தடிகள் வரிசையாக. என் கிணறு தெரிகிறது, நான் வைத்த பலாமரம் தெரிகிறது, போக முடியாது. கண்ணிவெடி எடுக்கிற பெண்களின் குழு ஒன்று அங்கே வேலை செய்தது. அதற்குத் தலைவியாக இருந்தவளை நான் பிள்ளை என்று கூப்பிட்டேன், அவள் என்னை ஐயா என்றாள். தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து கிளிநொச்சிக்கு வந்து கூலி வேலை செய்தவர்கள். மெலிந்த தேகம். கனத்த மேலங்கியைப் போட்டு, முகத்துக்குக் கண்ணாடித் தட்டி விட்டு, வெயிலில் முழங்காலில் நின்று கையகலம் கையகலமாக மண்ணைச் சுரண்டிக்கொண்டு வருவாள். சுரண்டிப் பார்த்து முடித்த இடத்தில் வெள்ளைத் தடி குத்துவாள். வெள்ளைக்குள் நடக்கலாம். “சிவப்புக்கு அந்தப் பக்கம் கால் வைக்காதீங்க ஐயா. ஒங்க காணிதான், ஆனா இன்னும் ஒங்க கையில இல்ல” என்றாள் முதல் நாளே.

நான் விடுகிற ஆளா. நாள்தோறும் சைக்கிளில் போய்ப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று என் வரலாறு முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். கிளீனராக ஏறியது, சாரதி ஆனது, முதல் லொறி வாங்கியது, இனிப் பரந்தன் முழுக்க நான்தான் கட்டப் போகிறேன் என்பது வரை. தண்ணீர் குடிக்க வெளியே வரும்போது கேட்பாள். ஒருநாள் சொன்னாள், “கட்டுங்க ஐயா, யாரு வேணாங்கிறா. நாங்க பாத்துத் தந்த மண்ணுலதானே கட்டணும்.” மற்றப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நாளும் போனேன்.

காணி விசர் பிடித்துப் போகிறேன் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். ஒருநாள் மண் கிண்டுகிற பெரிய மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து ரோட்டில் இறக்கினார்கள். பலாமரப் பக்கம் ஒரே பற்றைக்காடு, கையால் எடுத்தால் நாள் செல்லும், மெஷினை விட்டு அடிக்கப் போகிறோம் என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்டதும் சைக்கிளை அப்படியே போட்டேன். தண்ணீர் குடிக்க வந்தவளின் முன்னால் போய்க் கையைக் கூப்பினேன். இரண்டு கையையும். பலாமரத்துக்குக் கிழக்கே, பதுங்கிடத்துக்கு வெட்டிய குழிக்குள் என் மகன் கிடக்கிறான் என்று சொன்னேன். ஷெல் விழுந்து செத்த பிள்ளையைச் சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லாமல், தாயின் சேலையில் சுற்றி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வெளிக்கிட்டதைச் சொன்னேன். மெஷின் வேண்டாம் பிள்ளை என்றேன்.

அவள் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. போத்தலை மூடினாள். “தலமாடு எந்தப் பக்கம் ஐயா?” என்று மட்டும் கேட்டாள். வடக்குப் பக்கம் என்றேன். தலைவைக்கக் கூடாத திசை. அவசரத்தில் திசை பார்க்கவில்லை.

மேலாட்களிடம் என்ன கதைத்தாளோ, மெஷின் வேறு காணிக்குப் போனது. பலாமரப் பக்கத்தை அவளே கையால் எடுத்தாள். கால்மாட்டிலிருந்துதான் தொடங்கினாள். முழங்காலை ஒருபோதும் மகன் கிடந்த மேட்டில் ஊன்றவில்லை. பக்கவாட்டில் கிடந்து, கையை நீட்டி நீட்டிச் சுரண்டினாள். அந்த மேட்டில் அவள் மண்ணின் மேற்தோலை மட்டும்தான் எடுத்தாள். அதற்கு ஓர் எட்டுத் தள்ளி ஒரு மிதிவெடி இருந்தது. அதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அந்த வழியாகத்தான் ஓடிப் போயிருப்பேன்.

முழுக் காணியும் முடியும் முன்னமே, படலையிலிருந்து பலாமரம் வரைக்கும் இரண்டு வரிசை வெள்ளைத் தடி குத்தி, வாங்க என்று கூப்பிட்டாள். அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு. இடம் வந்ததும் ஒதுங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடித் தட்டியைத் தூக்கவில்லை.

பிறகு அவள் வீடு கட்டினபோது கல் முழுவதும் சும்மா தருகிறேன் என்றேன். “வேணாம் ஐயா. இனாமா வாங்கினா அந்தச் செவுரு தெனமும் ஒங்க பேரச் சொல்லிக்கிட்டு நிக்கும்” என்று சொல்லி, கடைசிக் கல் வரைக்கும் காசு தந்தாள். குழு வேறு இடத்துக்கு மாறிப் போனபின் நான் அவளைக் காணவில்லை.

காணியில் இனி வெடி இல்லை, துப்புரவு என்று எழுதித் தந்து கன காலம். ஊருக்கெல்லாம் கல் அரிந்தவன் அந்தக் காணியில் ஒரு கல் வைக்கவில்லை. இன்றைக்கும் படலையிலிருந்து பலாமரத்துக்கு அந்த ஒரு தடத்தில்தான் போய் வருகிறேன். மற்ற இடமெல்லாம் பற்றை. மனைவியும் செத்துப் போன பிறகு, அதை வித்துப்போட்டு வந்து தன்னோடு இருக்கும்படி மகள் போன் எடுக்கும்போதெல்லாம் சொன்னாள். யுத்தத்துக்கு முன்பே கலியாணம் செய்து வெளிநாடு போனவள். தம்பி செத்தது தெரியும். சுடலையில் எல்லாம் ஒழுங்காகச் செய்தோம் என்று தாய் அவளுக்குச் சொல்லியிருந்தாள். அதை மாற்றிச் சொல்ல என்னால் முடியவில்லை. வாயால் வாழ்ந்தவன் நான். அந்த ஒன்றுக்கு மட்டும் வாய் வரவில்லை.

சிவப்புக் கோடு எங்களைக் கூரை இல்லாத ஒரு தேவாலயத்துக்குள் கொண்டுபோய் விட்டது. போரில் குண்டு விழுந்து எரிந்ததாம். அப்படியே விட்டிருக்கிறார்கள். இவ்வளவு வசதியான நாட்டுக்கு ஒரு கூரை போட ஏலாதா, என்னிடம் தந்தால் மழைக்கு முந்தி முடித்துத் தருவேன் என்று தொடங்கினேன். மகள் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பற்றைக் காணியில அப்பிடி என்னப்பா இருக்கு?”

மழை தூறி விட்டிருந்தது. என் கையில் நனைந்த குடை. குடை நுனியால் கல் தரையில் ஈரக் கோடு இழுத்தேன். இது படலை. இது கிணறு. இது அம்மா தண்ணி ஊத்தின பலாமரம். மரத்துக்குக் கிழக்கே நீளமாக ஒரு பெட்டி கீறினேன். கீறி முடிக்க முன்னமே அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைக் கையால் பொத்தினாள். அழுகை ஓயும் வரைக்கும் நான் குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள். அவளுடைய சப்பாத்து அந்தப் பெட்டியின் வடக்கு மூலையில் இருந்தது.

“தலைமாடு எதப்பா?” என்றாள்.

சொன்னேன். காலை எடுத்தாள்.

அங்கிருந்து கோடு இன்னும் எங்கேயோ போனது, பார்க்கக் கட்டடங்கள் மிச்சம் இருந்தன. புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது காணி விற்கிற கதை வரவில்லை. தெருவைக் கோடு குறுக்கே வெட்டின இடத்தில் நான் திரும்பவும் நின்றேன். இந்த முறை அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. என்னோடு சிவப்புக்கு இந்தப் பக்கமே நின்றாள்.