பிழை வந்தால் தாண்டிப் போ

காட்டு அணில்களைக் கணக்கெடுக்கும் ஒரு சின்னக் குழுவில் வேலை பார்க்கிறேன். அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில், ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். செண்பகத்தோப்புப் பக்கம் சாம்பல் அணிலின் கூடுகளைத் தேடி நடப்பவர்கள், அன்றன்றைக்குப் பார்த்ததை டேப்லெட்டில் தட்டி நாளுக்கு ஒரு ஃபைலாக அனுப்புவார்கள். அப்படி இரண்டு வருஷத்து ஃபைல்கள் குவிந்து கிடந்தன.

அவற்றைப் படிக்க ஆர் என்ற புள்ளியியல் மொழியில் ஒரு லூப் எழுதினேன். ஒரு ஃபைலைத் திற, கூடுகளை எண்ணு, அடுத்ததற்குப் போ. கடைசி ஃபைல் வரைக்கும் இதையே செய். நடுவில் ஒரு ஃபைல் கோளாறாக இருந்தால் லூப் அங்கேயே நின்றுவிடும். நின்றது. மறுபடி ஓட்டினேன், மறுபடி நின்றது. எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. பிழை வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க ட்ரைகேட்ச் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதில் 'பேசாமல் தாண்டிப் போ' என்ற பொருள்பட எழுதினேன். லூப் ஒரே மூச்சில் ஓடி முடித்தது. பரவாயில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தோப்பில் ஒரு கூடுகூட இல்லை என்று முடிவு வந்தது. அது என்னைவிடச் சின்னவள் ஒருத்தி தனியாக நடக்கும் பகுதி.

"ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு ஆள் எதுக்கு? அந்தப் பிள்ள போகாமலே சம்பளம் வாங்கிருக்கும் போல. நிறுத்திருவோம். சாயந்தரத்துக்குள்ள ரிப்போர்ட்டக் குடுங்க" என்றார் மேலாளர்.

மதியச் சோற்றைப் பாதியிலேயே மூடிவைத்தேன். அவள் காலைப் பார்த்திருக்கிறேன். முள் கிழிக்காத இடம் இல்லை. மேசைக்குத் திரும்பி வந்து ட்ரைகேட்சில் ஒரு வரியை மாற்றினேன். பிழை வந்தால் தாண்டிப் போ, ஆனால் எந்த ஃபைல் என்று சொல்லிவிட்டுப் போ.

திரையில் ஃபைல் பெயர்கள், அனுப்பியவர் பெயரும் தேதியுமாக, வரிவரியாக இறங்கின. எல்லாம் அவளுடையவை. தீபாவளியன்று ஒன்று. அடைமழையில் பஸ்ஸே ஓடாத நாளில் ஒன்று. ஊரே ரத வீதியில் கூடியிருந்த தேரோட்டத்தன்று ஒன்று. நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தன. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. லூப்புக்கு அலுக்காது என்பது தெரியும். ஒரு மனுஷிக்கும் இப்படி அலுக்காமல் இருக்குமா?

ஒன்றைத் திறந்தேன். தலைப்புகள் இருக்கவேண்டிய முதல் வரியில் தன்னந்தனியாக ஒரு பிள்ளையார் சுழி. இன்னொன்றிலும் அப்படியே. தினமும் சுழி போட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறாள். முதல் வரியில் சுழி இருந்தால் இரண்டாவது வரியிலிருந்து படி என்று லூப்புக்குச் சொன்னேன். மற்ற எல்லாப் பகுதியையும்விட அந்தத் தோப்பில்தான் கூடுகள் அதிகம்.

மேலாளர் புதுக் கணக்குத் தாளை இரண்டு தரம் புரட்டிவிட்டு, "அந்தப் பிள்ள அங்கயே இருக்கட்டும்" என்றார்.

வெளியே வந்து அவளுக்குப் போன் போட்டேன். பேச்சு விட்டு விட்டுக் கேட்டது.

"என்னக்கா, என் கணக்குல எதுவும் தப்பாயிருச்சா?"

"தப்புதான். ஆனா உன்னுது இல்லட்டி, என்னுது. உன் வேலைக்கே உல வச்சிருப்பேன்."

"கேக்கலக்கா. ஓடையத் தாண்டிட்டேன், இங்க டவர் எடுக்காது. பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.