நிலம் முழுங்கிய பிள்ளை

தர்மாம்பாள் பிறந்த மாதமும், கழக ஆட்சி நில உச்சவரம்பைக் குறைத்த மாதமும் ஒன்றாகப் போய்விட்டன. சட்டசபையில் கை தூக்கியவர்களை விட்டுவிட்டு, தூளியில் கிடந்ததைப் பிடித்துக்கொண்டார் அவள் அப்பா துரைராசு.

"இது பொறந்துச்சு, ரெண்டு வேலி நெலம் போச்சு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

நிலம் எங்கேயும் போகவில்லை. கூடவே இருந்த விதவை அக்கா ராஜாத்தியின் பேரில் பினாமியாகப் பத்திரமாய்க் கிடந்தது. காட்டிய இடத்தில் அவள் கைநாட்டு வைத்தாள். நெல் மட்டும் தம்பி பத்தாயத்துக்கே வந்தது. ஆனால் தாலுகா ஆபீஸ்காரர்கள் நம்ப வேண்டுமே! பெற்ற பிள்ளையையே கரித்துக்கொட்டுகிறவன் பொய் சொல்வானா என்று அவர்களும் நம்பினார்கள்.

சொல்லிச் சொல்லி, அது பொய் என்பதே துரைராசுக்கு மறந்துபோனது. மாடு செத்தாலும், பம்புசெட் எரிந்தாலும், ஆற்றில் தண்ணீர் வராவிட்டாலும் அவள்தான் காரணம். மேட்டூர் அணைச் சாவியே அந்தக் குழந்தையின் இடுப்பில் இருந்ததுபோல.

அவளுக்குப் பதினாறு வயதானபோது, கூடப் படித்த கூத்தாநல்லூர் ஹமீதா பானு ராஜாத்தியைத் தேடி வந்தாள்.

"அத்தை, தர்மா அவ கொலுச நீயே வச்சுக்கன்னு எங்கிட்ட குடுத்துட்டா. இனிமே வேணாமாம். யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கா. எனக்குப் பயமா இருக்கு, அதான் சொல்லிட்டேன்."

"சொன்னியே, நீ நல்லாருப்பே."

ராஜாத்தி நேரே கொல்லைக்குப் போனாள். தர்மாம்பாள் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, செத்துப்போவணும்னு நெனப்பு இருக்கா?"

அவள் குனிந்தபடியே கேட்டாள்: "நான் இல்லாட்டி அப்பா நல்லா இருப்பாருல்ல, அத்தை?"

ராஜாத்தி அவள் கையைப் பிடித்தாள்; விடவில்லை. அப்படியே கூடத்துக்கு அழைத்துவந்து தம்பி முன்னால் நிறுத்தினாள்.

"தொரராசு, நெலம் எங்க இருக்குன்னு புள்ளைட்ட சொல்லு."

"மெதுவாப் பேசுக்கா, தெருவுல ஆளு போவுது."

"போவட்டும். புள்ள சாவ நெனைக்குது, ஒனக்குத் தாசில்தாரு பயம்! நீ சொல்றியா, நான் ஆபீசுல போய்ச் சொல்லவா?"

துரைராசு வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. "சாவவா?" என்று மகளைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். "நெலம்... அத்தை பேருல இருக்கும்மா" என்று முனகினார்.

"காதுல விழல."

"நெலம் போவலம்மா! ஒன்னால எதுவுமே போவல!"

தெருவில் போனவன் நின்று திரும்பிப் பார்த்தான். தர்மாம்பாள் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ராஜாத்தி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். வீட்டிலிருந்த வயல் மருந்தையெல்லாம் அன்றைக்கே வெளியேற்றச் சொன்னாள். மறுநாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள்.

"மனசு டாக்டருகிட்டயா? ஊரு என்னக்கா சொல்லும்?"

"நெலத்துக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சவனுக்கு ஊருக்கு ஒண்ணு சொல்லத் தெரியாதா?"

பஸ் நிறுத்தத்தில் பக்கத்து வயல்காரர் பஞ்சநதம் நின்றிருந்தார். "எங்க, குடும்பத்தோட பயணம்?"

துரைராசு ஒரு கல்யாணப் பொய்யைத் தயார் செய்துகொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் தர்மாம்பாள் சொல்லிவிட்டாள்:

"ஆஸ்பத்திரிக்கு மாமா. எனக்கு மனசு சரியில்ல."

"நல்லபடியாப் போய்ட்டு வாம்மா" என்றார் பஞ்சநதம். துரைராசு வாயை மூடிக்கொண்டார். பஸ் வந்ததும் ராஜாத்தி முண்டியடித்து ஏறி, தர்மாம்பாளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தாள்.