ஒரு இயர்போன், இரண்டு விமர்சகர்கள்

அந்த வெளிநாட்டு இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறவர்கள் இரண்டு பேர். நாய்ஸ் ராக் என்பார்கள், இரைச்சலையே பாட்டாக்குகிற வகை. அந்த இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு குழுவைக் கலைத்தபோது நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த அண்ணன்கள் பாகம் பிரித்ததுபோல வருத்தப்பட்டேன். சில வருடம் கழித்து அவர்கள் மறுபடி சேர்ந்து ஆல்பம் போட்டபோது நான் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஆறு பேர் தங்கிய அறையில் இருந்தேன்.

பிரவுசிங் சென்டரில் ஆல்பத்தை இறக்கி மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டேன். அறையில் எந்நேரமும் டிவி. பிளாண்டுக்குள் போன் கூடாது. ஆக, கம்பெனி பஸ்தான் எனக்குக் கச்சேரி மண்டபம். ஜன்னலோரம் நான். வலது பக்கத்தில் என் அறை நண்பன், திருநெல்வேலிக்காரன், இரும்புத் தகட்டை இடித்து வளைக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. இயர்போனில் ஆளுக்கொரு முனை. அவனை வைத்துக்கொண்டு தனியாகக் கேட்க எனக்கு மனசு வராது.

முதல் நாள், "ஏன் மாப்ள, எட்டு மணி நேரம் கேக்குற சத்தம் பத்தாதுன்னு இது வேறயா?" என்றான். ஆனால் காதிலிருந்து எடுக்கவில்லை.

எனக்கு ஒரு வலைப்பூ இருந்தது. பத்துப் பேர் படித்தால் அதிகம். இருந்தாலும் நான் பெரிய விமர்சகன் என்ற நினைப்பு. ஒருவர் உயிரைக் கொடுத்து வாசிக்கிறார், இன்னொருவர் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார், இது சமாதானம் இல்லை, ஒப்பேற்றல் என்று எழுதினேன். வெளிநாட்டு விமர்சகர்களோ இரண்டு கிட்டாரும் மோதிக்கொள்கிற அழகைப் புகழ்ந்திருந்தார்கள். ஜால்ரா போடுகிறார்கள் என்று அவர்களையும் ஒரு வாங்கு வாங்கினேன்.

பஸ்ஸில் அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"மூணாவது பாட்டுல ஒருத்தன் கம்பிய இழுத்து இழுத்து நம்மள அழ வைக்கான்லா, அவனப் பத்தி ஒண்ணுமே எழுதலயே" என்றான்.

"அப்பிடி யாரும் வாசிக்கல மச்சான்."

"நான் கேட்டேன் மாப்ள."

"பிரஸ் ஷாப்புல நின்னு நின்னு உன் காது பூடுச்சு. இல்லாததெல்லாம் கேக்குது."

முன் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவனுடைய ஷாப்பில் காது பரிசோதனை. காது மந்தம் என்று வந்தால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று அவன் பயந்துகொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் அவன் பின் சீட்டுக்குப் போய்விட்டான். அவன் மாட்டுகிற வலது முனை என் மடியில் கிடந்தது. திரும்பி வருவானா என்று வல்லம் ஸ்டாப் வருகிற வரை பார்த்துவிட்டு, அதையும் எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது பாட்டு ஓடியது. வலது பக்கம் ஒருவர் கம்பியை இழுத்துக்கொண்டிருந்தார். அழ வைக்கிற இழுவைதான். ஒருவரை இடப்பக்கமும் மற்றவரை வலப்பக்கமுமாகப் பிரித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இத்தனை நாளும் அந்த மனிதர் என் நண்பனுக்கு மட்டும் வாசித்திருக்கிறார். வெட்கத்தில் எனக்குக் காது மடல் சுட்டது.

எழுந்து, குலுங்குகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன்.

"உன் காது நல்லாத்தான் கீது மச்சான். நான்தான் பாதி கேட்டுட்டு எழுதிட்டேன்."

அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, இந்த முறை இடது முனையை நீட்டினேன். வாங்கி இடது காதில் வைத்து, பாட்டு முடியும்வரை கேட்டான்.

"ஏ மாப்ள, இந்தப் பக்கமும் ஒருத்தன் இருக்கானே. நீ எழுதுனதும் பொய்யில்ல" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்போ டெஸ்ட்டுல தேறிருவேனா?" என்று கேட்டான்.

"வலது காது மூணாவது பாட்டுலயே பாஸ். இடது காது இப்பதான் பாஸ் ஆச்சு."

அப்போதுதான் சிரித்தான். விமர்சனத்தைத் திருத்தும்போது, கம்பியை இழுத்து அழ வைக்கிறவரைப் பற்றி அவன் சொன்னதை அப்படியே போட்டேன். அந்த வலைப்பூவில் நான் எழுதாத வரி அது ஒன்றுதான். படித்த பத்துப் பேரும் பாராட்டியது அதைத்தான்.