சித்தி எடுத்த காஜா

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது, பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில், வாலாஜாபாத்திலிருந்து சித்தி ஒரகடத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்தப்பா வரவில்லை. லீவு இல்லாத நேரத்தில் விருந்தாளி வந்தது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

வந்த மறுநாளே அம்மா அவளைத் தன் தையல் மெஷினில் உட்கார வைத்துவிட்டாள். பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனி ஆட்களுக்குச் சட்டை தைக்கும் இடத்தில், காஜா எடுக்க ஆள் கேட்டிருந்தார்களாம். பட்டன் நுழையும் துளையின் இரண்டு ஓரத்தையும் நெருக்கமாகத் தைத்து, நடுவில் பிளேடால் கீற வேண்டும். சித்திக்குத் தையல் நேராகவே வந்தது. பிளேடை எடுத்தால்தான் வம்பு. கீறல் முனையைத் தாண்டி ஓடிவிடும். பழைய லுங்கி, தலையணை உறை, என் கர்ச்சீப் என்று பட்டனே இல்லாத துணிக்கெல்லாம் எங்கள் வீட்டில் காஜா வந்தது.

“என்னால ஆவாதுக்கா” என்று ஒருநாள் அழுதுவிட்டாள்.

“இன்னாடி ஆவாது? முனையில குண்டூசிய குத்திக்கினு கீறு. பிளேடு அத்தத் தாண்டாது” என்றாள் அம்மா.

அப்பா உள்ளே போய், அம்மா அவருக்காகத் தைத்து வைத்திருந்த புதுச்சட்டையை எடுத்துவந்து சித்தியிடம் நீட்டினார். “இதுல எடும்மா. காலைல ஷிப்டுக்கு இதத்தான் போட்டுக்கினு போவேன்.”

அம்மா திடுக்கிட்டாள். சித்தி முனையில் குண்டூசியைக் குத்திக்கொண்டு கீறினாள். மறுநாள் காலை கழுத்துவரை பட்டன் மாட்டிக்கொண்டு அப்பா கம்பெனி பஸ் ஏறினார். அந்தத் தைரியத்தில் சித்தியும் டிரையலுக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோ நிற்கும் முன்பே அவள் குரல் கேட்டது. “எடுத்துக்கினாங்கக்கா! இஸ்துப் பாத்தாங்க, ஒண்ணுகூட பிரியல!”

அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். “அப்பாடா! இனிமே அந்தாளு வூட்டு வாசல்ல போய் நிக்க வேணாம்டி.”

இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள். முன்பு வேலை தராமல் திருப்பி அனுப்பிய ஏதோ ஒரு தையல்காரரைத்தான் அம்மா திட்டுகிறாள் என்று நினைத்தேன்.

ஷிப்டு முடிந்து வந்ததும் அப்பா பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்தார். அது என் பொம்மைகளின் தட்டு. சித்தி தன் புடவைகளை ஒவ்வொன்றாக நீவி, அவசரமே இல்லாமல் அதில் அடுக்கினாள். எனக்கு அழுகை முட்டியது.

“ஊருக்குப் போறவங்களுக்கு எதுக்குப்பா பீரோ?” என்று கேட்டேன்.

சித்தி என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். பொம்மைத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு சமாதானமா செய்கிறாய் என்று நான் திமிறிக்கொண்டு ஓடினேன்.