புருவத்திலிருந்து ஒரு முடி

அருள்மேரி என் தம்பி ஆல்பினின் மனைவி. எங்கள் தாய்மாமன் மகளும்கூட. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிவைத்தவள் நான்தான். கல்யாணமான நாலாம் மாதம் தம்பி குவைத்துக்குப் போய்விட்டான். பேராவூரணியில் தையல் மிஷினை வைத்துக்கொண்டு அவள்தான் வீட்டை ஓட்டினாள்.

2006இல் ஷீபா பிறந்தாள். தலைமுடி அப்படியே வெள்ளி. ஊரே வந்து பார்த்தது. நானும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன், மடச்சி! இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது, விட்டது, மறுபடி வந்தது. வயிறு வீங்கியது. தஞ்சாவூர் டாக்டர் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

"முதல்ல வேளாங்கண்ணி, அப்புறம்தான் சென்னை" என்றேன்.

"காய்ச்சலா இருக்கே அண்ணி" என்று இழுத்தாள் அருள்மேரி. நான் விடுவேனா? மாதாவுக்கு மொட்டை போட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினோம்.

சென்னையில் டாக்டர் நஃபீசா சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "முடியைத்தான் மைக்ராஸ்கோப்புல பாக்கணும். எங்கங்க முடி?"

நான் குழந்தையின் மொட்டைத் தலையை முந்தானையால் மூடினேன். அருள்மேரிதான் குழந்தையின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். "புருவம் இருக்குங்க டாக்டர்."

ஒரே ஒரு முடி. டாக்டர் அதைக் கருவியில் வைத்து எங்களையும் பார்க்கச் சொன்னார்.

"கறுப்பு இல்லாம இல்லீங்க. அங்கங்க திட்டுத்திட்டா நிக்குது பாருங்க. ராப் 27ன்னு ஒரு சின்னப் புரதம். செல்லுக்குள்ள சரக்கு அனுப்புற ஜிடிபேஸ்ங்கிற புரதக் கூட்டத்துல ஒண்ணு. நிறப் பொட்டலத்தை முடிக்குள்ள கொண்டு சேர்க்கணும். வெள்ளணு கிருமியோட சண்டை போடுற பொட்டலத்தையும் அதுதான் வெளிய அனுப்பணும். இவளுக்கு அது வேலை செய்யலை."

"நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டை கிடக்கு, லாரி வரலைங்கிறீங்க" என்றாள் அருள்மேரி.

"அதேதாங்க."

மாதாவே! கண்ணுக்கே தெரியாத ஒன்று அசையாவிட்டால் பிள்ளையின் முடி கறுக்காது, உயிரும் நிற்காதா? இத்தனை கோடி பேர் உள்ளே சத்தமில்லாமல் சுமை தூக்குகிற உடம்பையா நான் முப்பத்தைந்து வருஷமாக வெறுமனே குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்? மலைத்துப்போய் அந்தக் கருவியை விட்டு நகர மனமில்லாமல் நின்றேன்.

எலும்பு மஜ்ஜை மாற்றினால்தான் பிழைப்பாள் என்றார். ஆல்பின் வேலையை உதறிவிட்டு வந்து சேர்ந்தான். அப்பாவுடையது முழுசாகப் பொருந்துவது அபூர்வமாம்; இவனுடையது பொருந்தியது.

"சொந்தத்துல கட்டுனதாலதான் ரெண்டு பேர்கிட்டேருந்தும் இந்தக் கோளாறு இவளுக்கு வந்திருக்கு. இப்ப பொருந்துறதும் அதனாலதான்" என்றார் டாக்டர். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மஜ்ஜை ஏற்றிய இருபத்தோராம் நாள் புது வெள்ளணுக்கள் தலைகாட்டின. காய்ச்சல் ஓடிப்போனது. ஷீபா இட்லி கேட்டு அழுதாள்.

வார்டு வாசலில் அருள்மேரி என் கையைப் பிடித்தாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. உங்க மகன் ஜெனித்துக்கு இவளைக் கட்டணும்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்கள்ல? நான் தர மாட்டேன்."

"அடிப் பாவி, அதைத்தான்டி நானும் சொல்ல வந்தேன்!" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.