மேட்டுக் காலனியின் முதல் தண்ணீர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் ஆரோக்கியசாமி. அதனால் என்ன குறைந்துவிட்டது? கரையான்சாவடியிலிருந்து திருவேற்காடு வரை அவர் தண்ணீருக்கு போர் போடாத தெரு உண்டா, கேட்டுப் பாருங்கள். பதினொரு வயதில் பைப்பு சுமந்தவர், முப்பதில் சொந்தமாக போர் வண்டி வைத்தார். இப்போது எழுபத்திரண்டு. முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. தன் பெருமையைச் சொல்வதற்குக்கூட அலுப்பாக இருக்கிறது.

சொல்லாவிட்டாலும் அதற்குச் சாட்சி ஒரு தடித்த புத்தகம். முப்பது வருடத்துக்கு முன் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஊர் ஊராக அலைந்து தொகுத்த வட்டாரக் களஞ்சியம். கோயில், ஏரி, தொழிற்சாலை எல்லாம் அதில் உண்டு. 'மேட்டுக் காலனியில் முதல் ஆழ்துளைக் கிணறு போட்டவர் ஆரோக்கியசாமி' என்ற வரியும் உண்டு.

அந்த வரியை மருமகள் ரெனிதா இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏற்றியிருந்தாள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற இடம் அது. ஞாயிறு பூசை முடிந்து வந்தவள் போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"மாமா, உங்க வரிய தூக்கிட்டாங்க."

"எவன் அவன்? அச்சுல கீது! வாத்தியார் எழுதினது!"

"அந்த புக்குல நீங்க முழுப்பக்க விளம்பரம் குடுத்திருக்கீங்களாம். அத எப்படி நம்பறதுன்னு கேக்கறாங்க. கிஷோர்னு ஒருத்தர், 'முதல் போர் எங்கப்பா வேம்புலி போட்டது'ன்னு எழுதியிருக்காரு."

"அவன் இன்னா ஆதாரம் வச்சிகினுகீறானாம்?"

"'ஆதாரம் இல்லை, என் அம்மா நாகவல்லி சொல்லக் கேட்டது'ன்னு அவரே போட்டிருக்காரு. அதனால அதையும் எடுத்துட்டாங்க."

ஆரோக்கியசாமி அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாத்தியார் நோட்டோடு வந்தபோது வேம்புலி செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. விளம்பரத்துக்கு ஒத்துக்கொண்ட வாயாலேயே, முதல் போர் தான் போட்டது என்றும் இவர் சொன்னார். வாத்தியார் வேறு யாரையும் கேட்கவில்லை. அந்த முதல் போருக்கு இடம் பார்த்தவரும் கையால் துளை இறக்கியவரும் வேம்புலி. இவர் அன்றைக்கும் பைப்புதான் தூக்கினார்.

"வேம்புலி பேர போடும்மா."

"நீங்களா மாமா சொல்றீங்க?"

"நாந்தான். கூட நின்னவன் நானு, எனுக்குத் தெரியாதா?"

"உங்க வாய்ச்சொல்ல ஏத்துக்க மாட்டாங்க. அச்சுல வந்திருக்கணும்."

"பொய்ய சொன்னேன், வாத்தியார் எழுதிக்கினாரு. நெசத்த சொல்றேன், எழுத ஆளில்ல. நல்லாகீதும்மா உங்க நாயம். சரி, இப்போ அதுல இன்னாதான் கீது?"

"'இங்குள்ள வீடுகள் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துகின்றன.' அவ்ளோதான்."

அவர் பேனா கேட்டு வாங்கினார். புத்தகத்தில் தன் பெயரை அடித்துவிட்டு மேலே 'வேம்புலி' என்று எழுதினார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நாகவல்லி ஊட்டுக்கு ஒரு ஆட்டோ சொல்லு."

"இந்த முட்டிய வச்சிகினா? நாளைக்குப் போலாமே மாமா."

"அவ ஊட்லயும் இந்த புக்கு ஒண்ணு கீதும்மா. நாந்தான் குடுத்தேன்."